தவிசாளர் ஐயா, அந்தப் படி எத்தனை அங்குலம்?

போன மாசம் வீட்டுக்குப் போயிருந்தப்ப சித்தியோட தையல் டேப்பை எடுத்துக்கிட்டுப் போய் பஸ் படியை அளந்தேன். டிப்போ பஸ் திரும்புற இடத்துல பத்து நிமிசம் நிக்கும். கண்டக்டர் அண்ணன் முதல்ல சிரிச்சாரு, பிறகு அவரே டேப்போட ஒரு நுனியைப் பிடிச்சுக்கிட்டாரு. தரையிலிருந்து முதல் படி பத்தொன்பது அங்குலம். கெம்பஸ்ல நான் தினமும் ஏறுற மாடிப்படி ஒண்ணு ஆறரை அங்குலம்தான். அப்ப பஸ்ஸோட முதல் படி, மூணு படியை ஒரே எட்டுல ஏறுறதுக்குச் சமம்.

எங்க அப்பாயிக்கு எழுபத்திரெண்டு வயசு. நாற்பது வருசத்துக்கு மேல மலையில கொழுந்து எடுத்தவங்க. வலது முழங்கால் இப்ப மடங்குறதில்ல. மாசத்துக்கு ஒரு தடவை டவுன் ஆஸ்பத்திரிக்கு கிளினிக் போகணும். பஸ் வந்தா பின்னால இருந்து ஒருத்தர் தள்ளணும், மேல இருந்து ஒருத்தர் இழுக்கணும். "கொழுந்து மூட்டைய லொறியில ஏத்துற மாதிரி என்னைய ஏத்துறாங்க"ன்னு அவங்களே சொல்லிச் சிரிப்பாங்க. போன வருசம் ஒருநாள் பிடி நழுவி, தாடை கம்பியில அடிச்சு ரெண்டு பல்லு போச்சு. அதுக்குப் பிறகு கிளினிக்குக்கு ஓட்டோதான். ஓட்டோவுக்குக் காசு இல்லாத மாசம் கிளினிக் இல்ல.

கிளினிக் எதுக்குன்னு கேட்டா நெஞ்சுக்கு. இழுப்பு. அந்த இழுப்பு எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டா, அடுப்புலயிருந்து. இந்தக் கட்டுரையில நான் சொல்ல வர்றது இவ்வளவுதான்: வீடு நோயைக் குடுக்குது, பஸ் மருந்துக்குப் போகவிடாமத் தடுக்குது, இது ரெண்டுக்கும் பொறுப்புச் சொல்ல வேண்டிய பிரதேச சபை "இது எங்க வேலை இல்ல"ன்னு சொல்லுது. அந்தப் பதில் 2018 வரைக்கும் அரைகுறையா உண்மை. இப்ப அது பொய்.

கொழும்புலயும் யாழ்ப்பாணத்துலயும் இருந்து வாசிக்கிறவங்களுக்கு ஒரு விசயம். "வீட்டைச் சூடாக்குறது"ன்னா அது வெள்ளைக்காரன் நாட்டுப் பிரச்சினைன்னு நினைக்காதீங்க. நுவரெலியா டவுன் கடல் மட்டத்துலயிருந்து 1,800 மீட்டருக்கு மேல இருக்கு. சனவரி, பெப்ரவரியில விடியக்காலம் புல்லுல உறைபனி பூக்கிற நாள் உண்டு. சுற்றுலா வர்றவங்க அதைப் படம் பிடிச்சுப் போடுறாங்க. அதே குளிர்ல, நூறு வருசத்துக்கு மேல பழைய லயத்துல, தகரக் கூரைக்குக் கீழ, ஒரு காம்பராவும் ஒரு இஸ்தோப்பும் வச்சிருக்கிற குடும்பம் எப்படிச் சூடாகுது? அடுப்பாலதான். எங்க அடுப்பு சமைக்கிறதுக்கு மட்டும் இல்ல. குளிர் காய்றது அதுலதான், மழைக்காலத்துல நனைஞ்ச யூனிபோர்ம் காயிறது அதுக்கு மேல கட்டின கொடியிலதான். கவ்வாத்து முடிஞ்சு கொண்டு வர்ற மிலாறு காயிறதும் அடுப்புக்கு மேல பரண்லதான். பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்டிக் கொண்டுவந்து உக்காருற இடமும் அதுதான். அதனால "கேஸ் அடுப்புக்கு மாறுங்க"ன்னு ஒருத்தர் மேடையில சொல்லும்போது, அவர் எங்க அடுப்பை இன்னும் பார்க்கலன்னு தெரிஞ்சிடுது.

கேஸுக்கு மாறின கதையும் இருக்கு. 2021 ஒக்டோபர் வரைக்கும் 12.5 கிலோ சிலிண்டர் 1,493 ரூபா. 2022 ஏப்ரல்ல 4,860 ரூபா. அப்ப தோட்டத்துல நாட்சம்பளம் 1,000 ரூபா, அதுவும் சொன்ன கிலோ கொழுந்து எடுத்தாத்தான். அஞ்சு நாள் பேருக்கு ஒரு சிலிண்டர். அதுக்கு முன்னால, 2021 கடைசியில, நாடு முழுக்க கேஸ் அடுப்பு வெடிச்சுக்கிட்டு இருந்துச்சு. எங்க லயத்துல பன்னிரண்டு வீட்டுல மூணு வீட்டுக்காரங்க சிலிண்டரை இஸ்தோப்புல தூக்கி வச்சிட்டு மறுபடி விறகுக்கு வந்தாங்க. அந்த மூணு சிலிண்டர்ல ஒண்ணு இன்னும் பூச்சட்டி வைக்கிற முக்காலி.

இப்ப புகைக்கு வர்றேன். பழைய லயத்துக் காம்பராவுல புகைபோக்கி கிடையாது. ஜன்னல் இருந்தா ஒண்ணு, இரட்டை லயம்னா முதுகோட முதுகு ஒட்டிக்கிட்டு இருக்கிறதால பின்பக்கம் அதுவும் இல்ல. குளிருக்காக கதவைச் சாத்தினா புகை உள்ள, புகைக்காகத் திறந்தா குளிர் உள்ள. ராத்திரி தணலைச் சட்டியில அள்ளி கட்டிலுக்குக் கீழ வைக்கிற பழக்கம் இன்னும் இருக்கு. அதுலயிருந்து வர்ற கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்ல, மணமும் இல்ல. தலைவலிக்குது, பிரட்டுக்குப் போனா சரியாயிரும்னு நினைச்சுக்குவாங்க. வெளிக்காத்துல போய் நின்னா சரியாத்தான் ஆகும். அதனாலயே யாரும் அதை அடுப்போட சேர்த்து யோசிக்கிறதில்ல.

அனகி அடுப்பு குடுத்தோமேன்னு சில அமைப்புக்காரங்க சொல்லுவாங்க. நல்ல அடுப்புதான், ரெண்டு பானை வைக்கலாம், விறகு குறையும். ஆனா அதுக்குப் புகைபோக்கி கிடையாது. குறைஞ்ச புகையும் அதே காம்பராவுக்குள்ளதான் சுத்துது.

புகையாவது மெதுவாக் கொல்லும். தீ அப்படி இல்ல. லயத்துல தீப்பிடிச்சா ஒரு வீடு எரியுறதில்ல, லயம் எரியுது. ஏன்னா கூரை ஒண்ணு. வீட்டுக்கு வீடு சுவர் இருக்கு, ஆனா பல லயத்துல அந்தச் சுவர் கூரை வரைக்கும் போறதில்ல. மேல உள்ள இடைவெளி ஒரு கோடியிலயிருந்து மறு கோடி வரைக்கும் நீளமா ஒரு குழாய் மாதிரி. முதல் காம்பராவுல பிடிச்ச தீ அந்தக் குழாயில ஓடிக் கடைசிக் காம்பராவுக்கு வந்திரும். அதுக்கு மேல ஒரே வயர்ல ரெண்டு மூணு வீடு இழுத்திருக்கிற கரண்டு, குளிருக்கு ராத்திரியெல்லாம் போட்டு வைக்கிற கொயில் அடுப்பு, மழைத் தண்ணி இறங்குற சுவர். செய்தியில "மின்கசிவு காரணமா இருக்கலாம் என சந்தேகிக்கப்படுகிறது"ன்னு ஒரு வரி வரும். பிறகு எத்தனை குடும்பம் தோட்டப் பாடசாலையில தங்க வைக்கப்பட்டதுன்னு ஒரு வரி. அவ்வளவுதான் செய்தி. தீயணைப்புப் படை மாநகர சபையிலயும் சில நகர சபையிலயும்தான் இருக்கு. அந்த வண்டி வளைஞ்சு வளைஞ்சு எங்க மேல்கணக்குக்கு வர்றதுக்குள்ள அடுப்புக் கல்லு மட்டும் மிச்சம் இருக்கும்.

ரெண்டு வருசத்துக்கு முன்னால எங்க பக்கத்து டிவிசன்ல அப்படி ஒரு லயம் போச்சு. உயிர்ச்சேதம் இல்ல, எல்லாரும் மலையில இருந்தாங்க. ஆனா ஓ/எல் எழுத இருந்த ஒரு தங்கச்சியோட புத்தகம், பிறப்புச் சான்றிதழ், அவங்க அம்மாவோட ஈ.பி.எப். கடதாசி எல்லாம் போச்சு. அப்ப சபையே கலைஞ்சு கிடந்துச்சு. 2023 மார்ச்சுல கலைஞ்ச உள்ளூராட்சி சபைகளுக்கு 2025 மே 6தான் தேர்தல் நடந்துச்சு. தேர்தலைத் தள்ளிப்போட்டது அடிப்படை உரிமை மீறல்னு உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்ட்ல சொல்லிச்சு. சொல்லி என்ன, ரெண்டு வருசம் யாருகிட்டப் போய்க் கேக்குறது?

புதுச் சபை வந்ததும் எங்க இளைஞர் கழகத்துல இருந்து அஞ்சு பேர் மகஜர் எழுதிக்கிட்டுப் போனோம். ரெண்டே கோரிக்கை. லயங்களோட கூரை இடைவெளியைச் சுவர் வச்சு அடைக்கவும், அடுப்படிக்குப் புகைக்குழாய் வைக்கவும் ஒரு திட்டம் போடுங்க. சந்தி பஸ் ஹோல்ட்டை வயசானவங்க, மாற்றுத்திறனாளிகள் ஏறுற மாதிரி கட்டுங்க. தவிசாளர் நல்லாத்தான் பேசினாரு. தேத்தண்ணி குடுத்தாங்க. "தங்கச்சி, லயம் கம்பெனியோடது. பஸ் டிப்போவோடது, பிரைவேட் பஸ் மாகாணத்தோடது. இதுல நாங்க கை வைக்க ஏலாது"ன்னாரு.

மூணு மாசம் கழிச்சு அதே சந்தியில சபை ரெண்டு வேலை செஞ்சிருந்துச்சு. ஒண்ணு, வரவேற்பு வளைவு. ரெண்டாவது, பஸ் தரிப்பிடம். கை வைக்க ஏலாதுன்னவங்க கொங்கிறீட்டே போட்டிருக்காங்க!

அந்தத் தரிப்பிடத்தை நீங்க பார்க்கணும். டைல்ஸ் பதிச்சிருக்கு. பின் சுவர்ல பெயர்ப் பலகை இருக்கு, அதுல எத்தனை பேர்னு நான் எண்ணல. தரை வீதியை விட பதினாலு அங்குலம் உயரம், நடுவுல ஒரே ஒரு படி. சாய்தளம் இல்ல, பிடிச்சு ஏறக் கம்பி இல்ல. வீதிக்கும் தரிப்பிடத்துக்கும் நடுவுல மூடாத கான். ஆக எங்க அப்பாயி முதல்ல தரிப்பிடத்துல ஏறணும், பிறகு இறங்கணும், கானைத் தாண்டணும், பிறகு பத்தொன்பது அங்குலம் ஏறணும். மழை பெஞ்சா டைல்ஸ் வழுக்கும். அதனால மழையில அப்பாயி தரிப்பிடத்துக்குப் பக்கத்துல, வெளியில, குடையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. உள்ள நாய் படுத்திருக்கு.

இதே கொங்கிறீட்டை கானுக்கு மூடி போட்டு, பஸ் நிக்கிற ஓரத்துல எட்டு அங்குல மேடையா ஊத்தியிருந்தா பத்தொன்பது பதினொண்ணாகியிருக்கும். மேடைக்கு ஒரு பக்கம் சரிவு வச்சிருந்தா சக்கர நாற்காலியாவது பஸ் வாசல் வரைக்கும் வந்திருக்கும். வீதி அவங்களோடது இல்ல, எழுதிக் கேட்டு அனுமதி எடுக்கணும், உண்மைதான். வளைவுக்கு எழுதிக் கேட்டாங்கதானே?

இது என் ஆசை மட்டும் இல்ல, சட்டம். மாற்றுத்திறனாளிகளோட உரிமைகளைப் பாதுகாக்கிற 28ஆம் இலக்கச் சட்டம் 1996ல வந்துச்சு. பொதுக் கட்டடங்களையும் பொது இடங்களையும் அணுகக்கூடியதாக்கணும்னு ஒழுங்குவிதிகள் 2006ல வர்த்தமானியில வந்துச்சு. ஏற்கெனவே இருந்த கட்டடங்களுக்கு மூணு வருச அவகாசம், பிறகு அந்த அவகாசத்தை நீட்டினாங்க. இதை நடைமுறைப்படுத்தச் சொல்லி 2009 ஏப்ரல்ல உயர் நீதிமன்றம் கட்டளை போட்டுச்சு. அந்த வழக்கைக் கொண்டு போனவர் கலாநிதி அஜித் சி. எஸ். பெரேரா, அவரே சக்கர நாற்காலியில இருந்தவர். 2016ல நாடு ஐ.நா. சமவாயத்தையும் ஏற்று உறுதிப்படுத்திச்சு. இவ்வளவும் நடந்து முடிஞ்ச பிறகு, 2025ல, பொதுமக்கள் பணத்துல ஒரு பஸ் தரிப்பிடம் புதுசாக் கட்டி அதுக்குப் பதினாலு அங்குலப் படி வைக்கிறாங்க. 2012 சனத்தொகைக் கணக்கெடுப்புல அஞ்சு வயசுக்கு மேற்பட்டவங்கள்ல 8.7 வீதமானவங்க ஏதோ ஒரு இயலாமையோட இருக்காங்கன்னு பதிவாயிருக்கு. சபையில இருக்கிறவங்க வீட்டுலயும் ஒருத்தர் இருப்பாங்க.

இப்ப அந்த "எங்க வேலை இல்ல"க்கு வருவோம். அது சும்மா வந்த வார்த்தை இல்ல, அதுக்கு ஒரு வரலாறு இருக்கு. 1987ஆம் ஆண்டு 15ஆம் இலக்க பிரதேச சபைச் சட்டத்துல 33ஆம் பிரிவுன்னு ஒண்ணு இருந்துச்சு. அதைக் காட்டித்தான் தோட்டத்துக்குள்ள சபைப் பணத்தைச் செலவழிக்க முடியாதுன்னு சொன்னாங்க. அதாவது எங்க ஆளுங்க ஓட்டுப் போடலாம், உறுப்பினராகலாம், தவிசாளராகவும் ஆகலாம், ஆனா அந்தத் தவிசாளர் தன்னோட சொந்த லயத்துக்கு ஒரு படிக்கட்டு கட்டிக் குடுக்க முடியாது. 1948ல குடியுரிமையைப் பிடுங்கினவங்க, திருப்பிக் குடுத்த பிறகும் வாசல்ல நிறுத்தி வைக்க எழுதின பிரிவு மாதிரித்தான் அது எனக்குத் தெரியுது. முப்பத்தொரு வருசம் அது இருந்துச்சு. பலர் போராடி, பேசி, 2018ல அந்தப் பிரிவைத் திருத்தினாங்க. அதே வருசம் நுவரெலியா மாவட்டத்துல நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனைன்னு புதுப் பிரதேச சபைகளும் வந்துச்சு. வெடி கொளுத்தினோம். நான் அப்ப ஸ்கூல்ல, எனக்கும் ஒரு கட்டு வெடி கிடைச்சுச்சு.

சட்டம் மாறி ஏழு வருசம். வாய் மாறல.

அதே சட்டத்தோட 3ஆம் பிரிவைப் படிச்சுப் பாருங்க. பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொது வீதிகள், இதுக்கு மேல மக்களோட வசதியும் நலனும், இதெல்லாம் சபையோட பொறுப்புன்னு இருக்கு. கட்டட வரைபடத்துக்கு அனுமதி குடுக்கிறதும் சபைதான். புதுசா வர்ற தனி வீட்டுக்கு அனுமதி குடுக்கும்போது "விறகடுப்புக்குப் புகைபோக்கி எங்க?"ன்னு ஒரு கேள்வி கேக்க என்ன அதிகாரம் போதாது? எங்க மாமாவுக்குத் தனி வீடு கிடைச்சிருக்கு. நல்ல வீடு, சுவர் எங்களுக்கே எங்களுக்கு. ஆனா குசினி விறகடுப்பை நினைச்சுக் கட்டினது இல்ல. அதனால அத்தை பின்னால தகரம் அடிச்சு ஒரு கொட்டில் போட்டு அதுல சமைக்கிறாங்க. குளிர் ராத்திரியில அங்க உக்கார ஏலாது. அதனால தணல்சட்டி படுக்கிற அறைக்கு வந்திருச்சு, இந்த முறை கண்ணாடி ஜன்னலை இறுக்கமாச் சாத்திக்கிட்டு. பழைய லயத்துல ஓட்டையாவது இருந்துச்சு.

"தனி வீடு வந்தா எல்லாம் சரியாயிரும்"னு சொல்ற தொழிற்சங்கத் தலைவர்களுக்கு இதைத்தான் காட்டணும். தனி வீடு வேணும், காணியுரிமையும் வேணும், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா அது வர்ற வேகத்துல வந்தா எங்க அப்பாயி பார்க்கப் போறதில்ல. அதுவரைக்கும் லயத்துல இருக்கிறவங்க மூச்சு விடணுமில்லையா? லயத்தைத் திருத்தினா லயம் நிரந்தரமாயிரும்னு ஒரு வாதம் எங்க கழகத்துலயே ஒரு அண்ணன் வச்சாரு. அதுல நியாயம் இல்லாம இல்ல, திருத்தம்ங்கிற பேர்ல கூரைத் தகரத்தை மாத்தி மாத்தியே காலத்தை ஓட்டினவங்களை எங்களுக்குத் தெரியும். ஆனாலும் அந்த அண்ணன்கிட்ட நான் கேட்டது: எரிஞ்ச லயத்துக்காரங்களுக்கு உடனே தனி வீடு கிடைச்சிருச்சா? ரெண்டு வருசமாத் தற்காலிகக் கொட்டில்ல இருக்காங்க.

கம்பெனியைக் கேட்டா, காணி அரசாங்கத்தோடது, நாங்க 1992ல இருந்து குத்தகைக்காரங்கதான்னு சொல்லும். ட்ரஸ்ட்டைக் கேட்டா நிதி இல்லன்னு சொல்லும். சபையைக் கேட்டா கம்பெனின்னு சொல்லும். டிப்போ, மாகாணம், வீதி அதிகார சபைன்னு பஸ்ஸுக்கும் இதே மாதிரி ஒரு வட்டம் இருக்கு. லொறிச் சேசியில பொடி கட்டின பஸ்ஸை ஒரு பிரதேச சபையால மாத்த ஏலாது, அது எனக்கும் தெரியும். கொத்மலை கெரண்டியெல்லயில 2025 மே 11 அன்னைக்கு பஸ் கவிழ்ந்து இருபது பேருக்கு மேல செத்த பிறகு பிரேக், சீட் பெல்ட், சாரதி தூக்கம்னு நாடே பேசிச்சு, பேசவும் வேணும். படியைப் பத்தி யாரும் பேசல. படியில விழுந்து பல்லு போனா அது விபத்துக் கணக்குல வர்றதில்ல.

நம்ம பக்கத்தையும் சொல்லிடுறேன். மகஜர் குடுத்த பிறகு நாங்க மறுபடி போகல. வொலிபோல் மெச்சுக்கு ஸ்பொன்சர் கேட்டு அதே தவிசாளர்கிட்ட ரெண்டு தடவை போனோம், கிடைச்சுச்சு. வளைவு திறந்த அன்னைக்கு எங்க கழகம்தான் பறை அடிச்சுச்சு. நானும் போட்டோவுல இருக்கேன். அதனால இதை எழுதும்போது கொஞ்சம் கூச்சமாவும் இருக்கு.

ஆனா இப்ப வர்ற வருசத்துக்கான வரவு செலவுத் திட்டம் போடுற காலம். அதை நிறைவேத்துறதுக்கு முன்னால பொதுமக்கள் பார்வைக்கு வைக்கணும். எங்க கோரிக்கை இந்த முறை பொதுவா இல்ல. வட்டாரத்துக்கு ஒரு லயமாவது எடுத்து கூரை இடைவெளியை அடைங்க, அடுப்படிக்குத் தகரக் குழாயைக் கூரைக்கு மேல கொண்டு போங்க, ஒவ்வொரு வீட்டுக்கும் ட்ரிப் ஸ்விட்ச் இருக்கான்னு பாருங்க, லயத்துக்குப் பக்கத்துல ஒரு தண்ணித் தாங்கியும் நீளமான ஹோஸும் வைங்க. புதுக் கட்டட அனுமதியில புகைபோக்கியைச் சேருங்க. சந்தித் தரிப்பிடத்துக் கானை மூடி மேடை போடுங்க, கம்பி வைங்க. டிப்போவுக்கும் மாகாண அதிகார சபைக்கும் சபையில தீர்மானம் போட்டு அனுப்புங்க. வளைவுக்குத் தீர்மானம் போட்ட கை இதுக்கும் தூக்கும்.

போன திங்கக்கிழமை நான் 2016ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குக் கீழ சபைக்கு ஒரு விண்ணப்பம் குடுத்தேன். மூணு கேள்வி. வளைவுக்கும் தரிப்பிடத்துக்கும் தனித்தனியா எவ்வளவு செலவு? 2018க்குப் பிறகு லயங்களோட தீப் பாதுகாப்புக்குன்னு எவ்வளவு ஒதுக்கினீங்க? தரிப்பிடத்தோட வரைபடத்துல படி எத்தனை அங்குலம், அதை அணுகல் வசதி விதிகளோட ஒப்பிட்டுப் பார்த்து கையெழுத்துப் போட்ட அதிகாரி யார்? விண்ணப்பத்தை வாங்கின அக்கா மூணாவது கேள்வியை ரெண்டு தடவை வாசிச்சிட்டு, "எங்க அம்மாவும் அந்த ஹோல்ட்லதான் ஏறுறாங்க"ன்னு மெதுவாச் சொன்னாங்க. பதினாலு வேலைநாளுக்குள்ள பதில் தரணும். வந்ததும் அப்படியே இங்க போடுறேன். வராட்டி ஆணைக்குழுவுக்குப் போற மேன்முறையீட்டையும் போடுறேன்.